ஆரஞ்சு நூல்

கண் திறந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.
வெள்ளகோவில் தாண்டி ஒரு கொறங்காட்டில்,
கிளுவை வேலிக்குள், ஆட்டுப்பட்டிக்குப் பின்னால்
ஆறு குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன,
வெந்த பணியாரத்தை
வட்டலில் கொட்டியதுபோல.

கடுவன் வேண்டும் என்று
திருமூர்த்தி முன்னமே சொல்லியிருந்தார்.
வால் சுருண்டிருக்க வேண்டும்.
நகம் பதினெட்டா இருபதா என்று
எண்ணிப் பார்க்க வேண்டும்.
டையிங்கில் யாரோ ஓதிவிட்ட இலக்கணம்.

நான் எதையும் எண்ணவில்லை.
ஒன்று குவியலிலிருந்து உருண்டு விழுந்து
மறுபடி ஏறத் தெரியாமல்
என் செருப்பு வாரில் மூக்கை வைத்துத் தூங்கிப்போனது.
பொட்டை.
"இதுதானுங்க" என்றேன்.
ராக்கியண்ணன் சிரித்தார்.
"பால் குடிக்கறதுல கடைசியா நிக்கற உருப்படிங்க அது.
நெம்பச் சோப்ளாங்கி."
இருக்கட்டும்.

நாற்பத்தைந்து நாள் ஆகாமல்
தாயிடமிருந்து பிரிக்கமாட்டேன் என்றார்.
கைப்பையில் ஓவர்லாக் நூல் கிடந்தது, ஆரஞ்சு.
கழுத்தில் தளர்வாக ஒரு முடிச்சு.
தாய் வந்து நூலை முகர்ந்தது,
என் விரலை முகர்ந்தது,
படுத்துக்கொண்டது.

பிறகு இருபத்துநான்கு நாள்.

தரையோடு ஓடிய ஒயர்கள் ஆணியில் ஏறின.
ஃபினாயில் அட்டாலிக்குப் போனது.
பொடக்காலிச் சாக்கடை ஓட்டையை
அவர் ஒரு செங்கல் வைத்து அடைத்தார்.
போதாதென்று நான் இன்னொன்று வைத்தேன்.
சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கிய
இரண்டு கிலோ கட்டிங் வேஸ்டை
அரிசிச் சாக்கில் அடைத்து மெத்தை தைத்தேன்.
உள்ளே, எந்தத் தேசத்துக் குழந்தைக்கோ வெட்டிய
சட்டைக் கைகள், கழுத்துப் பட்டிகள்,
ஒரு டைனோசரின் பாதி முகம்.

வாடகைக்கு வந்த நாச்சிமுத்து
மெத்தையைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார்.
"ஏனுங்க, ஏதாச்சும் விசேசமுங்களா?"
"ஆமாங்க" என்றோம்
இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.
நாய் என்றதும் முகம் விழுந்துவிட்டது.
"ராத்திரில கத்தப்படாது.
மாடிப்படி ஏறப்படாது."
"சொல்லி வளத்தறோமுங்க."

பெயர்தான் முடியவில்லை.
அவர் நைட் ஷிப்டு முடிந்து வரும்போது ஒன்று சொல்வார்,
எட்டரைக்கு நான் கிளம்பும்போது ஒன்று சொல்வேன்.
அதுவரை எங்களுக்குள்
சிலிண்டரும் சீட்டுப் பணமும்தான் பேச்சு.
ஒருநாள் மெனக்கெட்டு போன் செய்து
"கொத்தவரை" என்றார்.
நான் மெஷின் சத்தத்தில் சிரித்துக்கொண்டே நின்றேன்.
அதுவே நிலைத்தது.

அவர் ஷிப்டுக்குப் போன இரவுகளில்
சின்னப் போசியில் தண்ணீர் ஊற்றி வைத்தேன்.
காலையில் கொட்டிவிட்டுப் புதிதாய் ஊற்றினேன்.
யாருக்கு என்று கேட்காதீர்கள்.

போன அன்றைக்கு ஆறும் ஓடிவந்தன.
எதன் கழுத்திலும் நூல் இல்லை.
கறுப்புக் கடுவன் ஒன்றின் பல்லிடுக்கில்
ஆரஞ்சுப் பிசிறு.
"தின்னுபோட்டுதாட்ட இருக்குதுங்க" என்றார் ராக்கியண்ணன்.
"பொட்டை மூணு. மூணும் செவலை.
எதுனாலும் எடுத்துக்குங்க."

குத்தவைத்துச் செருப்பை நீட்டினேன்.
மூன்றும் வந்தன. மூன்றும் கடித்தன.
சோப்ளாங்கி என்று சொல்ல
அங்கே ஒன்றுகூட மிச்சமில்லை.
கொத்தவரை என்று கூப்பிட்டேன்,
ஒரு ஆடு திரும்பிப் பார்த்தது.

திருமூர்த்தி குனிந்து ஒன்றைத் தூக்கினார்.
நகத்தை எண்ணவில்லை.
"இதுதான்" என்றார்,
அத்தனை உறுதியாக.
பொய் என்று எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரியும் என்று அவருக்கும்.

காங்கயம் தாண்டும்போது
மடி சூடாக நனைந்தது.
அவர் வண்டியை ஓரங்கட்டி
தோள் துண்டை நீட்டினார்.
வேண்டாம், போகலாம் என்றேன்.

அது அங்கேயே இருக்கலாம்.
வேறு யாராவது வந்து நிற்கையில்
அவர்கள் செருப்பில் மூக்கை வைத்துத் தூங்கட்டும்.
இதற்குப் பசிக்கிறது.